இடம் திருப்பினால் வலம்

சிவமணி ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினார். கார் வலப்பக்கம் போய், நடைபாதையில் ஏறி, ஒரு பூக்கடையை இடித்துத் தள்ளிவிட்டு நின்றது.

"நேற்று நல்லாத்தானே இருந்தது," என்றார் திரையைப் பார்த்து.

பூக்கடைக்காரன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து மறுபடியும் பூ விற்கத் தொடங்கினான். கொம்பியூட்டர் விளையாட்டில் வருகிறவர்களுக்கு அந்த வசதி உண்டு. சிவமணிக்கு அது இல்லை. லைசென்ஸ் எடுப்பதற்கான ட்ரயலில் அவர் ஏற்கெனவே இரண்டு தடவை ஃபெயில். முதல் தடவை கைப்பிரேக்கை விடுவிக்க மறந்துபோனார். கார் முனகிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டாம் தடவை கார் தாராளமாகவே நகர்ந்தது. பின்னால் நின்ற கம்பத்தை இடித்த பிறகுதான் நின்றது.

கார் பழக்குகிற மாஸ்டர் ஒரு காருக்குள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போவார். ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் பின்சீற்றில் இருந்து சிரிப்பார்கள். சிரிப்புக் கேட்டதும் சிவமணியின் கால் கிளச்சில் கிடந்து நடுங்கும். யாரும் பின்னால் இருந்து சிரிக்காத ஓர் இடம் அவருக்குத் தேவைப்பட்டது. அது வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நாலாம் மாடியில், மகன் அபிஷனின் அறையில் கிடைத்தது. அபிஷன் படிக்க மெல்பேர்ன் போனபோது தன் பெரிய கொம்பியூட்டரை விட்டுவிட்டுப் போயிருந்தான். சிவமணி தெஹிவளையில் ஒருவரிடம் பழைய ஸ்டியரிங் ஒன்றும் மூன்று பெடல்களும் வாங்கி வந்து மேசையில் பூட்டினார். கியர் மாற்றி, சிக்னல் போட்டு, தெருவின் இடப்பக்கமாக ஓட்டுகிற விளையாட்டு ஒன்றையும் இறக்கிக்கொண்டார்.

அன்றைக்கே கணவர் கதிர்காமநாதன் அறை வாசலில் வந்து நின்றார். காலி வீதியில் விமான ரிக்கெற் விற்கிற அலுவலகம் ஒன்று வைத்திருப்பவர்.

"இதென்ன, விளையாட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்?"

"கார் பழகப் போறன்."

"மேசையிலயோ?"

"ஓம், மேசையில."

"ஐம்பத்திரண்டு வயசில உமக்கு என்னத்துக்கு லைசென்ஸ்? கீழ இறங்கினா ஓட்டோ. காலி வீதிக்குப் போனா பஸ். கடற்கரை ஸ்டேஷனுக்குப் போனா ரெயின்."

"கீழ கார் நிக்குதே, அதை ஆர் ஓட்டுறது?"

கீழே நின்றது கதிர்காமநாதனின் தம்பியின் கார். தம்பி நோர்வேக்குப் போகும்போது சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனவன். அன்றையிலிருந்து அது உறை போட்டபடி நின்றது.

"நான் ஓட்டாத வாகனமா?" என்றார் கதிர்காமநாதன். "கொழும்பு ட்ராஃபிக் எனக்குச் சரிவராது. பிரஷர் ஏறும்."

"அப்ப நீங்கள் உங்கட பிரஷரைப் பாருங்கோ. நான் காரைப் பாக்கிறன்."

"அந்த அறைப் பக்கமே நான் வரமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"வரச்சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லையே."

இந்தப் பிடிவாதம் சிவமணிக்குச் சும்மா வந்ததல்ல. போன மழைக்காலத்தில் ஒரு பின்னேரம், தெஹிவளையில் தனியே இருக்கிற அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கொட்டுகிற மழையில் ஒரு ஓட்டோவும் வர ஒத்துக்கொள்ளவில்லை. "காரை எடுங்கோ," என்று சிவமணி கெஞ்சினார். "இந்த மழைக்குள்ளயோ? என்ட பிரஷருக்கோ?" என்றார் கதிர்காமநாதன். கடைசியில் சிவமணி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அக்கா கதவைத் திறக்க முடியாமல் கையை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தார். திரும்பி வந்து, உறை போட்ட காரைக் கடந்து படியேறியபோது சிவமணி முடிவெடுத்துவிட்டார். இனி எவரிடமும் கெஞ்சுவதில்லை.

ஆகவே பூக்கடை இடிந்ததற்காக அவர் பின்வாங்குகிறவர் அல்லர். தெருமுனையில் கொம்பியூட்டர் திருத்துகிற நபீஸுக்கு ஃபோன் எடுத்தார்.

"ஆன்ட்டி, அது டிரைவர்ட பிழை," என்றான் நபீஸ்.

"ஓட்டினது நான்தான் தம்பி."

"உங்கள சொல்லல்ல ஆன்ட்டி. டிரைவர் எண்டு ஒரு சொஃப்ட்வெயார் ஈக்குது. ஸ்டியரிங் ஒரு பாஷை பேசும், கொம்பியூட்டர் வேறொரு பாஷை பேசும். நடுவுல நிண்டு ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுக்குறது அதுதான். படத்துக்கு ஒரு டிரைவர், சத்தத்துக்கு ஒரு டிரைவர், ஸ்டியரிங்குக்கு ஒரு டிரைவர். ஒண்டு மாத்திச் சொன்னா எல்லாம் போச்சு. நான் வந்து பாக்கவா?"

"வேண்டாம். எதை அமத்தவேணும் எண்டு மட்டும் சொல்லும்."

சொன்னான். விளையாட்டின் அமைப்புக்குள் போய், திசையை மாற்று என்ற பெட்டியில் ஒரு சரி அடையாளம் போட்டதும் இடம் இடமாகவும் வலம் வலமாகவும் வந்தது. சிவமணி அந்த நகரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து, பூக்கடைக்குப் பக்கத்தில் அழகாக நிறுத்திக் காட்டினார்.

மறுநாள் பின்னேரம் தன் அலுவலக வேலை முடிந்து வந்து உட்கார்ந்து இடப்பக்கம் திருப்பினார். கார் வலப்பக்கம் போனது. பூக்கடை விழுந்தது.

சரி அடையாளம் போட்டபடியே இருந்தது. அதனால் ஸ்டியரிங்கின் டிரைவரையே முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டு, புதிதாக இறக்கிப் போட்டார். சரி வந்தது. அடுத்த நாள் ஸ்டியரிங் ஒழுங்காக இருந்தது. சத்தத்தைக் காணவில்லை.

சத்தம் இல்லாமல் ஓட்டுவது சின்ன விஷயமல்ல. எஞ்சின் திணறுகிற சத்தத்தை வைத்துத்தான் எப்போது கியர் மாற்றுவதென்று அவர் பழகிக்கொண்டிருந்தார். சத்தத்தின் டிரைவரையும் புதிதாகப் போட்டார். எஞ்சின் உறுமியது. மறுநாள் மறுபடி ஊமை. போதாக்குறைக்கு, திரையில் இருந்த எழுத்தெல்லாம் சைன்போர்ட் எழுத்துப் போல ஊதிப்போய்க் கிடந்தது. வேகம் காட்டுகிற முள் திரைக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டில் கதிர்காமநாதன் புட்டைப் பிசைந்தபடி கேட்டார். "என்ன, உம்மட கார் ஓடுதோ?"

"ஓடும்."

"அதில கிடந்து நோண்டாதையும். இருக்கிறபடியே விடும். ஒண்டையும் மாத்தவேண்டாம்."

"நீங்கள் சொல்லி நான் விடுறதோ? நாளைக்கு முழுசா மாத்துவன்."

கதிர்காமநாதனுக்குப் புரைக்கேறியது. சிவமணி தண்ணீரை நகர்த்தி வைத்தார். எதிர்த்துப் பேசினால் மனிசனுக்குச் சாப்பாடும் இறங்காது என்று நினைத்துக்கொண்டார்.

சொன்னபடியே மறுநாள் முழுதாக மாற்றினார். எல்லா டிரைவரையும் ஒரே அமத்தலில் திருத்தித் தருவதாகச் சொன்ன ஓர் இலவசச் சொஃப்ட்வெயாரை இணையத்தில் கண்டுபிடித்து இறக்கினார். பச்சைப் பொத்தானை அமத்தினார். அது நெடுநேரம் ஓடியது. உடம்பு மெலிய ஒரு தேநீர், வழுக்கைக்கு ஓர் எண்ணெய் என்று இரண்டு விளம்பரங்களைக் காட்டியது. பிறகு திரை ஒரு தடவை இருண்டு வெளித்தது. உலகம் தலைகீழாகிவிட்டிருந்தது. வானம் கீழே, தெரு மேலே. கார் பல்லியைப் போல மேலே ஒட்டிக்கொண்டு நின்றது.

திரும்பவும் நேராக்குகிற இடத்தைத் தேடினார். மவுஸை மேலே நகர்த்தினால் அம்பு கீழே போனது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிவமணி எழுந்து குசினிக்குப் போனார். பிரஷர் குக்கரையும் அபிஷனின் பௌதிகவியல் புத்தகங்களையும் கொண்டு வந்து, திரையைத் தூக்கித் தலைகீழாகப் புத்தகங்களில் நிறுத்தி, விழாமல் குக்கரைப் பின்னால் முட்டுக் கொடுத்தார். தெரு கீழே வந்தது.

"நீ தலைகீழா நிண்டா நானும் உன்னைத் தலைகீழா நிப்பாட்டுவன்," என்று சொல்லிவிட்டு ஓட்டினார்.

கணவர் வரும் நேரத்துக்கு முன் திரையை நேராக்கி வைத்து, குக்கரை அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். குக்கரை அந்த அறையில் கண்டால் அவர் ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பார்.

மறுநாள் மறக்காமல் முதலிலேயே குக்கரைக் கொண்டு வந்து, திரையைத் தலைகீழாக நிறுத்தி, கொம்பியூட்டரைப் போட்டார். வானம் கீழே இருந்தது. படம் தானாகவே நேராகியிருந்தது.

அன்றைக்குத்தான் சிவமணிக்குக் கொஞ்சம் பயம் வந்தது. கொம்பியூட்டர் பெட்டியைக் கழற்றி, சீலையால் சுற்றி, ஓட்டோவில் ஏற்றி நபீஸிடம் கொண்டுபோனார். நபீஸ் அதைத் திறந்து பார்த்தான், மூடிப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"ஒரு பிழையும் இல்ல ஆன்ட்டி. இது தானா மாறல்ல. ஆரோ மாத்துறாங்க. வீட்டுல வேற ஆரும் பாவிக்கிறாங்களா?"

"நானும் அவரும்தான் இருக்கிறம். அவர் அந்த அறைக்குள்ள கால் வைக்கமாட்டன் எண்டு சபதம் எடுத்திருக்கிறார்."

"அப்ப வெளியில இருந்து நெட்டால உள்ளுக்கு வாறாங்க. ஹக்கர்."

"ஹக்கருக்கு என்ட ஸ்டியரிங் என்னத்துக்கு?"

"அதுதான் எனக்கும் வெளங்கல்ல. எல்லாத்தயும் அழிச்சுப் புதுசாப் போட்டுத் தாறன். இல்லாட்டி விட்டுருங்க ஆன்ட்டி. உங்கட வயசுக்கு இந்தக் கரச்சல் என்னத்துக்கு?"

வயது என்ற சொல்லோடு சிவமணியின் பயம் போய்விட்டது. அவர் பெட்டியை மறுபடி சீலையால் சுற்றத் தொடங்கினார்.

"அழிக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். பாஸ்வேர்ட் போடுறது எப்பிடி எண்டு மட்டும் சொல்லும்."

அபிஷனின் பிறந்தநாளைப் பாஸ்வேர்ட்டாக வைத்தார். ஹக்கர் எந்த நாட்டில் இருந்தாலும், தன் மகன் எந்த நாளில் பிறந்தானென்று அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? மறுநாள் ஸ்டியரிங் திரும்பியிருந்தது. இணைய வயரைப் பிடுங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதற்கடுத்த நாள் சத்தம் போயிருந்தது. பிரேக்கும் கல்லாகிவிட்டது. இரண்டு காலாலும் ஏறி நின்று மிதித்தால்தான் கார் நின்றது.

பாஸ்வேர்ட்டும் போட்டாயிற்று, வயரும் பிடுங்கியாயிற்று. ஆகவே இது மனிதர் வேலையும் இல்லை, நெட்டால் வந்ததும் இல்லை. அந்தப் பெட்டிக்கே தன்னோடு ஏதோ கோபம் என்ற முடிவுக்குச் சிவமணி வந்தார்.

மகனிடம் கேட்டிருக்கலாம். அவன் சிரித்துவிட்டு அப்பாவிடம் சொல்வான். மாஸ்டரிடம் சொன்னால் பின்சீற்றும் சேர்ந்து சிரிக்கும். சிவமணி கதிரையை இழுத்துப்போட்டு, பெட்டிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி. இனி நான் உன்னைத் திருத்தப்போறதில்லை. நீ எப்பிடி வேணுமெண்டாலும் மாறு. இடத்தை வலமாக்கு, சத்தத்தை நிப்பாட்டு, வீதியைத் தூக்கி வானத்தில வை. நான் ஓட்டுவன்."

உண்மையில் அவரால் எல்லாவற்றையும் அப்படியே விடவும் முடியவில்லை. கண்ணில் பட்டதைத் தனக்குத் தோதாகத் திருப்பி வைத்துத்தான் ஓட்டினார். ஆனால் மறுநாள் மாறிக் கிடந்தால் மனம் உடையாமல் இருக்கப் பழகிக்கொண்டார். உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு அசைத்துப் பார்ப்பார். இன்றைக்கு எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரிந்துவிடும். பிரேக்கை மெல்லத் தொட்டுப் பார்ப்பார். கல்லா பஞ்சா என்று காலுக்குத் தெரிந்துவிடும். சத்தம் இல்லாத நாட்களில் முள்ளைப் பார்த்தும், முள் இல்லாத நாட்களில் சத்தத்தைக் கேட்டும் கியர் மாற்றினார். பூக்கடைக்காரன் நிம்மதியாக வியாபாரம் செய்தான். ஒருநாள் திரும்பிப் பார்த்தபோது, காலின் நடுக்கம் எப்போது நின்றதென்றே அவருக்கு நினைவில் இல்லை.

வீட்டில் மட்டும் நிம்மதி இல்லை. கதிர்காமநாதன் சிடுசிடுத்தார்.

"இன்னும் அந்தச் சனியனைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறீரோ?"

"ட்ரயல் முடியுமட்டும் இருப்பன்."

"இந்த முறையும் ஃபெயில் எண்டா?"

"அடுத்த முறையும் போவன். அதுக்கடுத்த முறையும் போவன். சோதிக்கிற ஆக்கள் களைச்சுப்போகட்டும்."

கதிர்காமநாதன் எழுந்து போய் பல்கனியில் நின்று கடலைப் பார்த்தார். அவருடைய முதுகில் முன்பு காணாத ஒரு சோர்வு இருந்ததைச் சிவமணி கவனித்தார். தான் வெல்லப்போவது மனிசனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தபோது, கொஞ்சம் பாவமாகவும் மிச்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

ட்ரயல் நாளன்று மாஸ்டர் கொண்டுவந்த கார் சிவமணி அதுவரை தொடாத கார். "வழக்கமான கார் கராஜ்ல அக்கா. இதின்ர கிளச் கொஞ்சம் இறுக்கம். பிரேக் கொஞ்சம் சொஃப்ட். பயப்படாதேங்கோ," என்றார் மாஸ்டர், தானே பயந்தவராக. கூட வந்த மற்றவர்களின் முகம் வெளிறியது.

சிவமணி ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு அசைத்தார். பிரேக்கைத் தொட்டார். கிளச்சைத் தொட்டார். வேறொன்றும் தேவைப்படவில்லை.

பக்கத்தில் வந்து ஏறிய பரிசோதகர் வெள்ளைச் சேட் போட்ட, சிரிக்காத ஒரு சிங்கள ஐயா. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் வழுக்கவில்லை. கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுக்கச் சொன்னார். கம்பங்கள் நிமிர்ந்தே நின்றன. தெருவுக்கு வந்ததும், சிக்னல் எதுவும் போடாத ஓட்டோ ஒன்று முன்னால் குறுக்கே வெட்டியது. பரிசோதகர் டாஷ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டார். சிவமணி பிரேக்கைத் தொட்டு, கியரைக் குறைத்து, ஓட்டோவைப் போகவிட்டு, மறுபடி கியரைக் கூட்டிக்கொண்டு போனார். அதைப் பெரிய விஷயமாக அவர் எடுக்கவில்லை. தெரு மேலே இருந்தபோதே ஓட்டியவர் அவர்.

திரும்பி வந்து காரை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தார். பரிசோதகர் சீற் பெல்ற்றைக் கழற்றினார்.

"பாஸ்," என்றார் சிங்களத்தில். "மெடம் இந்தக் காரில எவ்வளவு காலம் பழகினீங்க?"

"இண்டைக்குத்தான் முதல்தரம்," என்றார் சிவமணி, தன் அலுவலகச் சிங்களத்தில்.

"அப்ப எங்க பழகினது?"

வெற்றி வந்த நேரம். யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. பெட்டியின் கதை முழுவதையும் சிவமணி சொன்னார். ஒவ்வொரு நாளும் திரும்புகிற ஸ்டியரிங், காணாமல் போகிற சத்தம், கல்லாகிற பிரேக், தலைகீழ் வானம், குக்கர். சொல்லச் சொல்ல அவருடைய மனம் காலி வீதிக்குப் போய்விட்டது. உறையைக் கழற்றி, காரைக் கழுவி, கணவரின் அலுவலகத்துக்கு முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தவேண்டும். ஹோனை அமத்தவேண்டும். அவர் கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்க்கவேண்டும். ஏறுங்கோ, பிரஷரைப் பத்திரமாப் பிடிச்சுக்கொண்டு ஏறுங்கோ என்று சொல்லவேண்டும்.

சிரிக்காத பரிசோதகர் இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த படிவத்தைப் பார்த்துச் சிவமணியின் முழுப்பெயரையும் ஒரு தடவை வாய்விட்டு வாசித்தார். கதிர்காமநாதன் என்ற இடத்தில் எந்தச் சிங்கள அதிகாரியும் தடக்குப்படுவது வழக்கம். இவர் படவில்லை. பாடமாக்கியவர் போலச் சொன்னார்.

"நல்லாச் சொல்லுறீங்கள் சேர்," என்றார் சிவமணி ஆச்சரியத்தோடு.

"சொல்லிப் பழகிப்போச்சு மெடம். இந்தப் பேரில ஒரு ஐயா மூண்டு தரம் வந்து மூண்டு தரமும் ஃபெயில். போன கிழமை டிரைவர் சீற்றில இருந்து அழாக்குறையாச் சொன்னவர்: 'நான் ஒவ்வொரு மத்தியானமும் கொம்பியூட்டரில ஒழுங்காத்தான் பழகிறன் சேர், என்ட மனிசி ஒவ்வொரு பின்னேரமும் வந்து ஸ்டியரிங்கைத் திருப்பி வைச்சா நான் எப்பிடிப் பாஸ் பண்ணுறது?'"